ஓடிய ஆடும் நின்ற ஆடும்

ஆட்டுக்கறித் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் பேசுகிறவன் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். குளுவாங் சந்தையில் எனக்குப் பின்னால் கடை போட்டவர்கள் நிறையப் பேர். எனக்கு முன்னால் கடையை மூடிவிட்டுப் போனவர்களும் அவர்கள்தான். நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அப்பா தோட்டத்தில் களை வெட்டி மருந்தடிக்கும் வெளிக்காட்டு வேலை பார்த்தார். எனக்கு அவர் வைத்துவிட்டுப் போனது ஒரு பழைய சைக்கிள். இன்றைக்கு ஆயர் ஈத்தாம் போகிற சாலையில் எனக்குச் சொந்தமாக ஆட்டுக் கொட்டகை இருக்கிறது. கடையை மகன் பார்த்துக்கொள்கிறான். என் கண்ணைக் கட்டிவிட்டு ஒரு துண்டுக் கறியை உள்ளங்கையில் வையுங்கள், அது எந்த இடத்துக் கறி, கிடாவா பெட்டையா என்று சொல்லிவிடுவேன். பெருமைதான் பேசுகிறேன். உழைத்தவன் பேசாமல் வேறு யார் பேசுவது?

கத்தி தீட்டுவதையும் எலும்பு பிரிப்பதையும் நான் சொல்லப்போவதில்லை. கடையில் நின்றால் கை தானாகப் பழகிவிடும். இத்தனை வருடம் வெட்டியும் இன்னும் எனக்கு வியப்பு அடங்காத ஒன்றைச் சொல்கிறேன். அது உங்கள் கையில் தினமும் இருக்கிறது, நீங்கள் பார்ப்பதில்லை.

ஆட்டின் கன்னக் கறியை எடுத்துப் பாருங்கள். கருஞ்சிவப்பு. முதுகுக் கறியை அதன் பக்கத்தில் வையுங்கள். வெளிர் சிவப்பு. கோழியை எடுத்தால் நெஞ்சு வெள்ளை, கால் சிவப்பு. புறாவுக்கு அப்படியே தலைகீழ், அதன் நெஞ்சுதான் ஈரலைப் போல் சிவந்திருக்கும். சின்ன வயதில் இதை நான் இறைச்சியின் நிறம் என்று மட்டும் நினைத்தேன். நிறம் என்பது அந்த உடம்பு எப்படிப் பிழைத்தது என்பதற்கான சாட்சி என்று பிற்பாடுதான் தெரிந்தது.

அதைச் சொல்லிக்கொடுத்தவர் கால்நடை இலாகாவிலிருந்து வந்த ஒரு மலாய்க்கார டாக்டர் அம்மா. ஆடுகளுக்கு ஊசி போட வந்தவரிடம் கன்னக் கறியையும் முதுகுக் கறியையும் ஒரு தட்டில் வைத்து நீட்டினேன். ஒரே ஆடு, தின்றது ஒரே புல், நிறம் மட்டும் ஏன் வேறு என்று கேட்டேன். வேறு யாராவது என்றால் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். அவர் ஊசிப் பெட்டியை மூடிவிட்டு அங்கிருந்த தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவர் மலாயில் சொன்னதை என் தமிழில் சொல்கிறேன்.

தசை என்பது நூல் நூலாகச் சேர்த்துக் கட்டிய கட்டு. அந்த நூலில் மெதுவான நூல் உண்டு, வேகமான நூல் உண்டு, இரண்டுக்கும் நடுவில் ஒரு வகையும் உண்டு. மெதுவான நூல் அடுப்புக் கரி மாதிரி. மூச்சுக் காற்றை வாங்கி, கொழுப்பையும் சர்க்கரையையும் நிதானமாக எரிக்கும். காற்றைப் பிடித்துவைக்கிற ஒரு சிவப்புப் பொருள் அதனுள் நிறைய இருப்பதால்தான் அந்த நிறம். ஆட்டின் கன்னம் அந்த வகை. ஆடு படுத்துக்கொண்டும் அசைபோடுகிறது, பாதித் தூக்கத்திலும் அசைபோடுகிறது. வாய் வலிக்கிறது என்று நிறுத்திய ஆட்டை நீங்கள் பார்த்ததுண்டா?

வேகமான நூல் காய்ந்த தென்னை ஓலை. பற்றவைத்தால் குபீர் என்று எரியும். காற்று வந்து சேரட்டும் என்று அது காத்திருப்பதில்லை. தன்னுள் சேர்த்துவைத்த சர்க்கரையை அப்படியே எடுத்து எரித்துவிடும். நாய் துரத்தினால் கோழி வேலிமேல் பாய்கிறதே, அந்தப் பாய்ச்சல் அதுதான். எரிந்த வேகத்தில் தீர்ந்தும் போகும், பின்னால் ஒரு புளிப்பை விட்டுவிட்டுப் போகும். உயிரோடு இருக்கும் உடம்பில் மூச்சும் ரத்தமும் அந்தப் புளிப்பைக் கழுவிவிடும். வெட்டிய உடம்பில் அது தங்கிவிடும். கறி பளிச்சென்று சிவந்து, பதமாகி, கொஞ்ச நேரம் கெடாமல் தாங்குவதே அந்தப் புளிப்பினால்தான்.

இதுவரைக்கும் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் வியப்பு. தசை இழுத்துப் பிடிக்கத்தான் சக்தி வேண்டும் என்று நாம் நினைக்கிறோம். பிடித்ததை விடுவதற்கும் சக்தி வேண்டுமாம். சக்தி சுத்தமாகத் தீர்ந்துபோனால் நூல்கள் பிடித்த பிடியிலேயே பூட்டிக்கொள்ளும். செத்த உடம்பு விறைப்பது அதனால்தான். அது பலத்தினால் வரும் விறைப்பு இல்லை. விடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் போனதால் வருவது.

அன்றைக்கு நான் என் கையை விரித்து மூடி, விரித்து மூடிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவ்வளவு வேலை உள்ளே நடக்கிறது, ஒரு சத்தம்கூட வெளியே கேட்பதில்லை.

சரி, இதை அறிந்து கறிக்காரனுக்கு என்ன லாபம் என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஒரு பெண்ணின் வாழ்க்கை இந்த விஷயத்தின்மேல் வந்து நின்ற நாளைச் சொல்கிறேன்.

குளுவாங்கிற்கு வெளியே எண்ணெய்ப்பனைக் காட்டை ஒட்டிய கம்பத்தில், சின்னக் கிராமம் அது, சரோஜா அக்கா இருக்கிறார். அவருடைய ஒரே மகன் குமரன் உலு திராமில் வீடு எடுத்துக்கொண்டு, மோட்டார் சைக்கிளில் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வந்தவன். உலு திராம் பெண்ணையே கட்டிக்கொண்டான். பெயர் ரீத்தா, வேதக்கார வீட்டுப் பெண், கிறிஸ்தவர்கள். அக்காவுக்கு இதில் சம்மதமில்லை. பிறகு குமரன் சாலையில் விழுந்து கால் நொறுங்கி, இரும்பு வைத்து, மனைவியோடு அம்மா வீட்டுக்கே வந்து சேர்ந்தான். மகன் எழுந்து நடந்தால் முனியாண்டிக்கு இரண்டு கிடா வெட்டுகிறேன் என்று அக்கா நேர்ந்துகொண்டார். நடந்தான், கம்பை ஊன்றிக்கொண்டு. கிடாவுக்கு என்னிடம் வந்தார். ஜோடிக் கிடா, ஒரே கொட்டகையில் ஒன்றாக வளர்ந்தவை, நானே கொண்டுபோய்க் கோயிலுக்குப் பின்னாலிருந்த பட்டியில் கட்டிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் சந்தைக் கடையை மகனிடம் விட்டுவிட்டு நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் நடந்துவிட்டிருந்தது. ரீத்தா ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறாள். திரும்பும்போது பட்டியின் கொண்டி சரியாக விழவில்லை. ஒரு கிடா கயிற்றை அறுத்துக்கொண்டு பனைக் காட்டுக்குள் பாய்ந்துவிட்டது. அக்காவின் தம்பி மணியமும் இன்னும் சிலரும் கப்சாய் மோட்டார் சைக்கிள்களில் ஏறி, கத்திக்கொண்டு, ஹாரன் அடித்துக்கொண்டு, வரிசைக்கு வரிசை, வாய்க்காலுக்கு வாய்க்கால் அதை விரட்டியிருக்கிறார்கள். கால் மடங்கி அது விழுகிற வரைக்கும் விரட்டியிருக்கிறார்கள். பூசாரி குறித்த நேரம் முடியப்போகிறது என்று, மூச்சு வாங்கிக்கொண்டிருந்த ஆட்டைத் தூக்கிவந்த கையோடு வெட்டியும் விட்டார்கள்.

நான் வேனைவிட்டு இறங்கினேன். மேளம் நின்றுபோயிருந்தது. அதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அண்ணே, இங்க வந்து பாருங்க லா," என்று மணியம் ஓடிவந்தான். "தோலு உரிச்சு முடிக்கல, அதுக்குள்ள மரக்கட்ட ஆயிருச்சு. நான் இப்படிப் பாத்ததே இல்ல."

மரக்கொம்பில் தொங்கிய ஆட்டின் கால்கள் நான்கும் குச்சி மாதிரி நின்றன. மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை. வழக்கமாக இந்த விறைப்பு வருவதற்கு நெடுநேரம் ஆகும். தொடையில் ஒரு கீறல் போட்டேன். உள்ளே கறி ஈரலைப் போலக் கறுத்து, விரலில் பசை மாதிரி ஒட்டியது.

சரோஜா அக்கா என் முன்னால் வந்து நின்றார். "என்ன ஆடுண்ணே குடுத்தீங்க?"

"நல்ல ஆடுதான்க்கா குடுத்தேன்."

"எனக்குத் தெரியும். ஆட்டுல குறையில்ல. தொட்ட கையிலதான் குறை." அவர் திரும்பவே இல்லை, பட்டியோரம் நின்ற ரீத்தாவுக்குக் கேட்கட்டும் என்றுதான் குரலை உயர்த்தினார். "சாமிக்கு விட்ட ஆட்டை இவ போய்த் தொட்டா, அது ஓடுச்சு. வெட்டுனா கல்லாப் போச்சு. கறி கறுத்துப் போச்சு. முனியாண்டி வேணாம்னு சொல்றாரு, இன்னும் எப்படிச் சொல்லணும்? குமரா, இன்னைக்கே இவள உலு திராமுக்கு அனுப்பிரு. உன் காலு நிக்கணும்னா இவ என் வீட்டுல நிக்கக் கூடாது."

குமரன் கம்பில் சாய்ந்தபடி "அம்மா..." என்றான். தன் காலைக் குனிந்து பார்த்தான். அம்மா நேர்ந்துகொண்ட காலில்தானே அவன் நிற்கிறான். ரீத்தா அழவில்லை. இரண்டாவது கிடாவின் கயிற்றைக் கையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றாள்.

பூசாரியைப் பார்த்தேன். நல்ல மனிதர். "படைக்கிறதுதான்ணே என் வேலை. கறி ஏன் கறுத்துச்சுன்னா எங்கிட்ட பதில் இல்ல," என்றார்.

மணியம் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான். "அண்ணே, மசாலாவ அள்ளிப் போட்டு அடுப்புல ஏத்திரலாம். கருப்பாவது செவப்பாவது, யாருக்குத் தெரியப் போகுது?"

"கறிய மறைச்சிரலாம்டா. அந்தப் பொண்ணு மேல போட்ட பழிய எந்த மசாலாவுல மறைப்ப?"

"அப்ப ரெண்டாவத சட்டுனு வெட்டிருவோம். ஆளுங்க வர ஆரம்பிச்சிட்டாங்க." சொல்லிக்கொண்டே போய் ரீத்தாவின் கையிலிருந்த கயிற்றைப் பிடுங்கினான். கிடா அலறிக்கொண்டு பின்னங்காலில் எழுந்தது.

பிள்ளைகளே, தொழிலில் கத்தியை எடுக்கிற நேரத்தைவிட எடுக்காமல் நிற்கிற நேரம்தான் கஷ்டம். அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. பந்தலில் ஆட்கள் நிறைந்துகொண்டிருந்தார்கள். பூசாரி கைப்பேசியில் மணி பார்த்துக்கொண்டிருந்தார். நடுங்குகிற இந்த ஆட்டையும் இழுத்துப் பிடித்து வெட்டினால் இதுவும் கறுக்கலாம். அப்படிக் கறுத்தால் ரீத்தா மாலை பஸ்ஸில் போய்விடுவாள், பிறகு எந்த டாக்டர் வந்து சொன்னாலும் அவள் திரும்பி வரமுடியாது.

"கைய எடு மணியம்," என்றேன். "இந்த ஆடு அமைதியாகிற வரைக்கும் கத்தி எறங்காது."

"எவ்ளோ நேரம் ஆகும்?"

"அது ஆட்டுக்குத்தான் தெரியும்."

"அலாமாக்! சோறு ஆறிரும்ணே!"

"ஆறட்டும். அவசரம்னா நீ கப்சாய எடுத்துக்கிட்டுப் போய் இன்னொண்ணு புடிச்சிட்டு வா. உனக்குத்தான் நல்லா வருதே."

இரண்டு பேர் சிரித்தார்கள். எல்லோரையும் பந்தலுக்குப் போகச் சொன்னேன், அக்காவையும்தான். மேளக்காரர்களைச் சாலைக்கு அந்தப்பக்கம் அனுப்பினேன். நான் கயிற்றைப் பிடித்தால் கிடா என்னிடமும் முரண்டு பிடித்தது. என் உடம்பில் ரத்த வாசனை, அதைக் குற்றம் சொல்ல முடியாது. ரீத்தாவைக் கூப்பிட்டேன்.

"நீயே புடிம்மா."

"நானா அங்கிள்? அத்தை பாத்தாங்கன்னா..."

"ஆடு உங்கிட்டத்தான் நிக்குது. எனக்கு ஆடு நிக்கணும்."

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். கிடாவின் கழுத்தை மெல்லத் தடவிக்கொண்டே நின்றாள். தண்ணீர் குடித்தது. அவள் நீட்டிய பலா இலையை மோந்தது, தின்றது. குமரன் கம்பை ஊன்றி வந்து கொஞ்ச தூரத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். விலா துடிப்பது அடங்கி, கடைசியில் அந்தக் கிடா கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசைபோட ஆரம்பித்தது. பயத்தில் இருக்கும் ஆடு அசைபோடாது. இதை மறக்காதீர்கள், உங்களுக்கு நான் தருகிற பாடத்தில் பாதி இதுதான்.

"நீ போம்மா," என்றேன். அவள் போனாள். ஒரே வெட்டு. என் வெட்டைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

தோலை உரித்ததும் எல்லோரையும் கூப்பிட்டேன். தொடைக் கறியின் மேல் தண்ணீர்ப் பரப்பில் காற்று அடிப்பது போல ஒரு துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. இங்கே துடித்து அடங்கும், அங்கே துடிக்கும். எத்தனையோ முறை பார்த்தவன் நான், அன்றும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. மணியம் பின்னால் நகர்ந்து, "உசுரு இருக்குண்ணே!" என்றான்.

"உசுரு போயிருச்சு. சக்தி போகல," என்றேன். "நூலு இன்னும் புடிக்குது, விடுது, புடிக்குது, விடுது. உள்ள எரிக்கிறதுக்குச் சரக்கு இருக்கு. அந்த ஆட்டுக்கு ஒண்ணும் மிச்சம் இல்ல. காட்டுக்குள்ள ஓடியே எல்லாத்தையும் எரிச்சிருச்சு. விடுறதுக்குக்கூட சக்தி இல்லாமத்தான் அப்படியே பூட்டிக்கிச்சு."

இரண்டு தொடைகளையும் ஒரே பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கீறி, காற்றுப் படவிட்டேன். நின்ற ஆட்டின் கறி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்ல மெல்லச் செம்பருத்தியாகச் சிவந்து வந்தது. ஓடிய ஆட்டின் கறி அப்படியே கறுத்துக் கிடந்தது. பிறகு இரண்டு தலைகளையும் பிளந்து கன்னக் கறிகளை எடுத்து வைத்தேன்.

"அக்கா, இந்த ரெண்டுல எது ஓடின ஆடு? சொல்லுங்க."

சரோஜா அக்கா குனிந்து பார்த்தார். பூசாரி பார்த்தார். மணியம் தொட்டும் பார்த்தான். ஒருவராலும் சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே கருஞ்சிவப்பு, ஒரே மினுமினுப்பு.

"ஆடு கன்னத்தால ஓடல, காலால ஓடுச்சு. ஓடின இடம் மட்டும்தான் கறுத்திருக்கு. சாமி கோவிச்சிருந்தா கன்னத்த மட்டும் விட்டுட்டா கோவிச்சிருப்பாரு?"

கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து மீசையைத் தடவினேன். அக்கா நிமிர்ந்தார்.

"நீங்க சொல்றது சரிண்ணே. ரெண்டாவது ஆட்ட சாமி ஏத்துக்கிட்டாரு. ஏன் ஏத்துக்கிட்டாரு? மணியம் அவகிட்டருந்து கயித்தப் புடுங்குனதுக்கு அப்புறம் அதுல அவ கை படல."

மீசையிலிருந்த கையைக் கீழே இறக்கினேன். என் சாட்சியை எடுத்தே என்னைக் கட்டிப்போட்டுவிட்டார். பட்டியில் நடந்தது பந்தலுக்குள் உட்கார்ந்திருந்தவருக்குத் தெரியாது. நான் சொன்னால் அந்தப் பெண்ணுக்காகப் பொய் சொல்கிறேன் என்பார்.

கம்பு தரையில் தட்டும் சத்தம் கேட்டது. குமரன் எழுந்து வந்து பலகைக்கும் அம்மாவுக்கும் நடுவில் நின்றான்.

"அம்மா, அந்த ஆட்ட கடைசி வரைக்கும் புடிச்சுக்கிட்டு நின்னதே ரீத்தாதான். நான் எதிர்லயே உக்காந்து பாத்தேன். தண்ணி குடுத்தது அவ, எலை குடுத்தது அவ. வேற யாருகிட்டயும் அது நிக்கல." மூச்சு வாங்கிக்கொண்டான். "அவ கைதான் குறைன்னா இந்த ரெண்டாவது கறியும் கறுத்திருக்கணும். நீயே பாரு. அவளை அனுப்புறதா இருந்தா சொல்லும்மா, நானும் கெளம்பிக்கிறேன். நடக்கத்தான் இப்ப முடியுதே."

அக்கா பலகையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிவந்த தொடையில் துடிப்பு இன்னும் ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது. பூசாரி தொண்டையைச் செருமினார்.

"அக்கா, படைக்கலாமா வேணாமா? ஒரு வார்த்த சொல்லுங்க."

அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "படைங்க," என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

ஓடிய ஆட்டின் கறியை என்ன செய்தேன் என்று தொழில்காரர்கள் கேட்பீர்கள். அது சீக்கிரம் கெடும். ஐஸ் பெட்டியில் வைக்கவோ வீட்டுக்குக் கொடுத்தனுப்பவோ கூடாது. தனிச் சட்டியில், உடனே, நன்றாக வேகவைத்து, இது ஓடிய ஆடு என்று சொல்லியே பரிமாறினோம். மென்றவர்களுக்குத் தாடை வலித்திருக்கும். துரத்தியவன் என்ற முறையில் மணியத்துக்குப் பெரிய பங்கு போட்டேன்.

பந்தியில் கூட்டம். நான் அண்டா பக்கத்தில் நின்றிருந்தேன். ரீத்தா ஒரு கோடியில் குமரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இலையில் கறி இருந்தது, அவள் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

எதிரில் இருந்த மணியம் சும்மா இருப்பானா? "என்ன, வேதக்காரங்க படையல் கறி திங்க மாட்டீங்களோ?"

"திம்போம் மாமா," என்றாள் அவள். குரல் மிகவும் மெல்லியது. "ஆனா ரெண்டுக்கும் காலையில நான்தான் தண்ணி காட்டுனேன். தொண்டையில எறங்க மாட்டேங்குது."

சோற்றுக் கூடையோடு வந்துகொண்டிருந்த சரோஜா அக்கா அங்கே நின்றுவிட்டார். அடுத்து என்ன வெடிக்கப் போகிறதோ என்று என் கையிலிருந்த கரண்டியும் நின்றது. அவர் குனிந்தார். ரீத்தாவின் இலையிலிருந்த கறியைத் தம் கையால் ஒரு துண்டு விடாமல் வழித்து எடுத்து மகனின் இலையில் போட்டார். பிறகு அடுப்படியைப் பார்த்துக் கத்தினார்:

"டேய், முட்டை இருக்கா அங்க? இல்லையா? இல்லன்னா போய்ப் பொரிச்சு எடுத்துட்டு வா லா! வெறும் சோத்தையா திங்கும் இந்தப் புள்ள?"

முட்டை வருகிற வரைக்கும் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேறு யாருக்கும் பரிமாறாமல், அவள் பக்கத்திலேயே நின்றார்.